கழக்கூட்டம்: நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால்

கழக்கூட்டத்துக்கு வரும் தமிழர்களில் பெரும்பாலோர் ஊர் சுற்ற வருகிறவர்கள் அல்ல. மகனுக்கோ மகளுக்கோ டெக்னோபார்க்கில் வேலை. வீடு பார்த்துக் குடிவைக்கவோ, பேரக்குழந்தையோடு நாலு நாள் இருக்கவோ வருகிறார்கள். விடுமுறை நாள் வந்ததும் பத்மநாபசுவாமி கோயில், கோவளம் என்று எல்லாரும் தெற்கே காரைத் திருப்புகிறார்கள். அந்த இரண்டு இடங்களைப் பற்றியும் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கழக்கூட்டம் சந்திப்பிலிருந்து வடக்கேயும் மேற்கேயும் கிழக்கேயும் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடங்களை மட்டும் இந்த அத்தியாயம் சொல்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பிரம்மாண்டமாக எதுவும் இல்லை. செஞ்சிக் கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு அஞ்சுதெங்குக் கோட்டை ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவுக்குத்தான் தெரியும். மாமல்லபுரம் பார்த்தவர்களுக்கு மடவூர்ப்பாறைக் குடைவரை ஒரு சின்ன அறை. ஆனால் கதை தெரிந்துகொண்டு, சரியான வரிசையில் போனால் இந்தச் சின்ன இடங்கள் ஒன்றையொன்று விளக்கத் தொடங்கும். ஒரு கோட்டை ஏன் முற்றுகைக்கு ஆளானது என்பதற்கான விடை இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பிள்ளைமார் ஊரில் இருக்கிறது. அந்த ஊரிலேயே பிறகு ஒரு குரு பிறக்கிறார். அதனால் இந்தப் பகுதிக்கு வரிசைதான் முக்கியம். முதல் நாள் உள்நாடும் தும்பாவும், இரண்டாம் நாள் வடக்குக் கடற்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வந்து சேர

திருவனந்தபுரம் சென்ட்ரலிலிருந்து கொல்லம் போகும் பாசஞ்சர் வண்டிகள் கழக்கூட்டத்தில் நிற்கும். அடுத்தடுத்து கணியாபுரம், முருக்கும்புழை, பெருங்குழி, சிறயின்கீழ், கடைக்காவூர் என்று வரும் சின்ன நிலையங்கள் எல்லாமே இந்த அத்தியாயத்துக்கு வேண்டியவை. களியக்காவிளை வழியாகக் காரில் வருகிறவர்கள் நகருக்குள் நுழையவே வேண்டாம். எல்லையருகே காரோட்டில் தொடங்கும் பைபாஸ் நேராகக் கழக்கூட்டத்துக்குக் கொண்டுவந்து விடும். சந்திப்பை ஒட்டி 2022-இல் திறந்த மேம்பாலச் சாலையில் மட்டும் கவனம் வேண்டும். தவறுதலாக மேலே ஏறிவிட்டால் ஊரைத் தாண்டித்தான் இறங்க முடியும்.

தங்குவதற்கு டெக்னோபார்க்கைச் சுற்றி எல்லா விலையிலும் விடுதிகள் உண்டு. அலுவலகத்துக்கு வருகிறவர்களை நம்பி நடப்பவை என்பதால் வார நாட்களில் நெருக்கடியும் வார இறுதியில் கொஞ்சம் ஓய்வும் இருக்கும். சொந்த வண்டி இல்லாதவர்கள் ஒரு நாள் முழுதும் ஆட்டோவைப் பேசிக்கொள்வது நல்லது. உள்ளூர்ப் பேருந்துகள் உண்டு. ஆனால் ஒரே நாளில் நாலு இடம் பார்க்க அவை உதவா.

பிள்ளைமாரின் ஊர்

டெக்னோபார்க் 1990-இல் வந்தது; நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. சைனிக் பள்ளி 1962-இல் வந்தது. கழக்கூட்டம் என்ற பெயர் திருவிதாங்கூர் வரலாற்றில் அடிபடுவது இவற்றுக்கெல்லாம் வெகு முன்பு, எட்டு வீட்டுப் பிள்ளைமார் காலத்தில்.

வேணாட்டு அரசரின் அதிகாரம் சுருங்கியிருந்த நாட்களில் கோயில் நிலங்களையும் ஊர்களின் வரியையும் தங்கள் கையில் வைத்திருந்த நாயர் பிரபுக்கள் இவர்கள். கழக்கூட்டம், செம்பழந்தி, குளத்தூர், பள்ளிச்சல், வெங்கானூர், குடமண், ராமனாமடம், மார்த்தாண்டமடம் என்று எட்டு வீடுகளைச் சொல்வார்கள். முதல் மூன்றும் நீங்கள் தங்கியிருக்கும் விடுதியிலிருந்து ஒரு ஆட்டோ தூரம். டெக்னோபார்க்கின் புதிய கட்டடங்கள் பல இன்று குளத்தூர்ப் பக்கம்தான் இருக்கின்றன.

1729-இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்டவர்மா இந்த எட்டு வீடுகளையும் அடியோடு அழித்தார். ஆண்களுக்கு மரண தண்டனை. பெண்களைக் கடலோர மீனவர்களிடம் ஒப்படைத்தார்கள் என்று சொல்வார்கள். வீடுகளை இடித்து, அஸ்திவாரத்தையும் பெயர்த்து, அந்த இடத்தில் குளம் வெட்டினார்கள். திருவிதாங்கூரில் இதற்கு ‘குளம் தோண்டுதல்’ என்றே பெயர். மறுபடி அங்கே யாரும் வீடு கட்டிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ என்ற மலையாள நாவல் 1891-இல் வந்தபின் பிள்ளைமார் கதை கேரளத்தில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த கதையாகிவிட்டது.

அதனால் கழக்கூட்டத்தில் அரண்மனை, கோட்டை என்று தேடாதீர்கள். இந்த ஊரின் பழைய அதிகாரம் தடமே இல்லாமல் துடைத்தெறியப்பட்டது. மிஞ்சியிருக்கும் பழமைக்கு மகாதேவர் கோயிலுக்குப் போங்கள். காலை நடை திறந்திருக்கும் நேரத்தில் போய், ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு, அமைதியாக ஒரு சுற்று வந்தால் போதும். பக்கத்தில் ஏதாவது பழைய குளத்தைக் கண்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். இந்த வட்டாரத்தில் குளம் என்பது நீர்நிலையாக மட்டும் இருந்ததில்லை.

செம்பழந்தியும் மடவூர்ப்பாறையும்

முதல் நாள் காலையைச் செம்பழந்திக்குக் கொடுங்கள். காரியவட்டம், ஸ்ரீகாரியம் வழியாகச் சுமார் அரை மணி நேரம். ஸ்ரீ நாராயண குரு 1856-இல் பிறந்த வயல்வாரம் வீடு இங்கேதான் இருக்கிறது. மண் சுவரும் தாழ்ந்த கூரையுமாக ஒரு சின்ன வீடு. சுற்றிலும் குருகுலத்தின் பெரிய கட்டடங்கள் வளர்ந்துவிட்டன. அவற்றில் கண்ணைச் செலுத்தாமல் முதலில் இந்த வீட்டின் முன்னே போய் நில்லுங்கள். உள்ளே நுழையக் குனிய வேண்டிய இந்த வீட்டின் பிள்ளைதான் 1888-இல் நெய்யாற்றங்கரைக்கு அருகே அருவிப்புறத்தில் ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து, ஈழவர் கையால் சிவப் பிரதிஷ்டை செய்து, கேரளத்தின் சாதிக் கணக்கையே புரட்டிப் போட்டார்.

செம்பழந்தி எட்டு வீடுகளில் ஒன்று என்று மேலே சொன்னேன். நாராயணனுக்குப் பாலபாடம் சொல்லிக்கொடுத்தவர் செம்பழந்தி மூத்த பிள்ளை என்பவர். ஒரு காலத்தில் அரசரையே ஆட்டிவைத்த பிள்ளைமாரின் ஊரில், ஒரு பிள்ளை, ஈழவச் சிறுவனுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறார். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

தமிழ் வாசகருக்கு இங்கே இன்னொரு உறவும் உண்டு. குரு தமிழை ஆழமாகக் கற்றவர். தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் எழுதினார். திருக்குறளின் சில அதிகாரங்களையும் ‘ஒழிவில் ஒடுக்கம்’ நூலையும் மலையாளத்தில் பெயர்த்தார். அவருக்கும் அவர் காலத்துத் துறவியான சட்டம்பி சுவாமிகளுக்கும் யோகம் கற்பித்த தைக்காடு அய்யாவு சுவாமிகள் தமிழர். திருவனந்தபுரம் ரெசிடென்சியில் வேலை பார்த்தவர். குரு தவம் செய்த குகை கன்னியாகுமரி மாவட்டத்தில் மருத்துவாழ் மலையில் இருக்கிறது. ஊர் திரும்பும் வழியில் அந்த மலையிலும் ஏறினால் இந்தப் பயணம் முழுமை பெறும். செம்பழந்தியை அடுத்த அணியூர்க் கோயிலில்தான் சட்டம்பி சுவாமிகளும் குருவும் சந்தித்தார்கள் என்று இந்த ஊர்க்காரர்கள் காட்டுவார்கள். சாலையோரக் கோயில்தான், ஐந்து நிமிடம் போதும்.

ஆவணி மாதத்தில் சதய நட்சத்திரத்தன்று குரு ஜெயந்தி. ஓணத்தை ஒட்டி வரும் அந்த நாளில் செம்பழந்தி மஞ்சள் கொடிகளும் ஊர்வலமுமாக மாறிவிடும். கூட்டம் பிடிக்கும் என்றால் அன்று வாருங்கள். வீட்டை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள்.

அங்கிருந்து கிழக்கே கொஞ்சதூரம் போனால் மடவூர்ப்பாறை. ரப்பர் தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே திடீரென்று ஒரு பெரும் கரும்பாறை. அதன் ஒரு பக்கத்தைக் குடைந்து சிவன் கோயில் செய்திருக்கிறார்கள். காலம் சுமார் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு. விழிஞ்ஞத்தில் உள்ள குடைவரையும், குமரி மாவட்டத்துத் திருநந்திக்கரைக் குடைவரையும் ஏறக்குறைய இதே காலத்தவை. கேரளம், தமிழகம் என்ற எல்லைக்கோடு இல்லாமல், விழிஞ்ஞத்தைக் கைக்குள் வைத்திருக்க ஆய் மன்னரும் பாண்டியரும் மோதிக்கொண்டிருந்த காலம் அது. பாண்டி நாட்டுக் குடைவரைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சின்னக் கருவறை உடனே அடையாளம் தெரியும். திருநந்திக்கரையையும் ஒரு நாள் பார்த்துவிட்டால், கேரள மாநிலத் தொல்லியல் துறையும் தமிழகத் துறையும் தனித்தனியே பலகை வைத்திருந்தாலும் கல்லில் ஓடியது ஒரே உளி மரபு என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

கோயிலோடு நின்றுவிடாமல் பாறையின் மேலே ஏறுங்கள். தெளிந்த நாளில் கிழக்கே பொன்முடிப் பக்கத்து மலைத்தொடரும், மேற்கே தென்னங்கடலுக்கு அப்பால் மெய்க்கடலும் தெரியும். காலை ஒன்பதுக்கு முன்னோ மாலை நான்குக்குப் பின்னோதான் ஏற வேண்டும். நடுப்பகலில் பாறை காலைச் சுட்டுவிடும். மழை பெய்திருந்தால் ஏறவே வேண்டாம். பாசி படிந்த சரிவில் வழுக்கினால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

காரியவட்டம், மேனம்குளம்

கிரிக்கெட் ரசிகர்களுக்குக் காரியவட்டம் என்றால் கிரீன்ஃபீல்ட் மைதானம். 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. 2023 ஜனவரியில் இலங்கையை இந்தியா 317 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்ற ஒருநாள் போட்டி இங்கேதான் நடந்தது. ஆட்டம் இல்லாத நாளில் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகரலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது எதிரே இருக்கும் கேரளப் பல்கலைக்கழக வளாகம். அங்கே உள்ள கீழைத்தேய ஆய்வு நிறுவனமும் சுவடி நூலகமும் 65,000-க்கும் மேற்பட்ட சுவடி நூல்களைக் காத்துவருகிறது. திருநெல்வேலி தருவை ஊரில் பிறந்த டி. கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு, அதுவரை உலகம் பெயரளவில் மட்டும் அறிந்திருந்த வடமொழி நாடகாசிரியர் பாசனின் நாடகங்களை 1912 முதல் பதிப்பித்தாரே, அந்தச் சுவடிப் பணியின் வாரிசு இந்த நூலகம். சுற்றுலா இடம் அல்ல. ஓலைச்சுவடியில் ஆர்வம் உள்ளவர்கள் முன்கூட்டி அனுமதி வாங்கிக்கொண்டு போகலாம். அந்த அளவு ஆர்வம் இல்லாவிட்டாலும், வளாகத்தின் மரநிழலில் ஒரு காலை நடை போய்வரலாம்.

கடற்கரைக்கு இறங்கும் வழியில் மேனம்குளத்தில் பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளி இருக்கிறது. நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ.அய். சுப்பிரமணியம் 1977-இல் தொடங்கியது. பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனவர் அவர். தமிழ் மாணவர்கள் யாராவது கூட வந்தால் இந்த வாசலைக் காட்டிவிட்டுப் போங்கள். திராவிட மொழிகள் எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் ஆராய முடியும் என்று நம்பி, அதைத் தன் உழைப்பில் நிறுவிக் காட்டிய மனிதரின் இடம்.

தும்பா

தும்பாவுக்காகவே ஒருவர் கழக்கூட்டம் வரலாம். சந்திப்பிலிருந்து மேற்கே கால் மணி நேரம். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் வேலிக்குள் கடலைப் பார்த்தபடி நிற்கும் புனித மகதலேனா மரியாள் தேவாலயம்தான் இன்று விண்வெளி அருங்காட்சியகம்.

1960-களின் தொடக்கத்தில் ராக்கெட் ஏவ இடம் தேடி வந்தவர்கள் இந்த மீனவ ஊரில் வந்து நின்றதற்குக் காரணம் பூமியின் காந்த நடுக்கோடு. தரையிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் உயரத்தில், காந்த நடுக்கோட்டை ஒட்டி, பகல் நேரத்தில் ஒரு பெரும் மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. பலூன் அந்த உயரத்துக்குப் போகாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழப் பறக்காது. கருவியைச் சுமந்துகொண்டு செங்குத்தாக ஏறி இறங்கும் சிறு ராக்கெட்டால் மட்டுமே அதைத் தொட முடியும். காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிப் போகிறது. மேற்கே திறந்த கடல். ராக்கெட்டின் பாகம் விழுந்தாலும் யார் தலையிலும் விழாது.

ஆனால் அங்கே ஒரு தேவாலயமும் ஆயர் இல்லமும் மீனவர் வீடுகளும் இருந்தன. விக்ரம் சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேராவைச் சந்தித்துக் கேட்டார். ஆயர் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் மக்களிடமே விஷயத்தை வைத்தார்; அவர்கள் சம்மதித்தார்கள். தேவாலயம் ராக்கெட்டைப் பொருத்தும் பணியிடமானது. மீனவர்கள் வேறிடத்தில் குடியமர்ந்தார்கள்; அவர்களுக்குப் புதுத் தேவாலயம் எழுந்தது. நம் விண்வெளித் திட்டத்துக்கு முதல் நிலம் கொடுத்தவர்கள் கடலில் பிழைக்கும் எளிய மனிதர்கள். இந்தியாவின் ராக்கெட்டுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

1963 நவம்பர் 21 மாலை இங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. நைக்-அபாச்சி என்ற அமெரிக்க ராக்கெட். அது மேலே உமிழ்ந்த சோடியம் ஆவி மாலை வெயிலில் ஆரஞ்சு மேகமாக வானில் பரவியது. தமிழ்நாட்டுத் தென்கோடியிலிருந்தும் பார்த்தார்கள். அதைப் பொருத்தும் பொறுப்பிலும் பாதுகாப்புப் பொறுப்பிலும் இருந்த இளைஞர்களில் ஒருவர் ராமேசுவரத்து அப்துல் கலாம். 1968 பிப்ரவரி 2-இல் இந்திரா காந்தி இந்த ஏவுதளத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார். ராக்கெட்டின் முனைப்பகுதியை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிப்போகும் புகழ்பெற்ற படம், பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெசோன் இங்கே எடுத்தது.

தேவாலயத்துக்குள் ராக்கெட்டுகளின் வளர்ச்சியையும் செயற்கைக்கோள்களையும் மாதிரிகளாகவும் படங்களாகவும் வைத்திருக்கிறார்கள். வெளியே தோட்டத்தில் அசல் அளவு ராக்கெட்டுகள் நிற்கின்றன. குழந்தைகள் தோட்டத்துக்கு ஓடிவிடுவார்கள். நீங்கள் உள்ளே கொஞ்சம் அண்ணாந்து கூரையையும் வளைவுகளையும் பாருங்கள், அது இன்னும் தேவாலயமாகவே இருக்கிறது. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாதுகாப்பு வளாகம் என்பதால் எல்லாரும் அரசு அடையாள அட்டை கொண்டுவர வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினர் கூட வந்தால் அவர்களுக்கு முன் அனுமதி வேண்டும். வாசல்வரை வந்து திரும்பிய குடும்பங்கள் உண்டு. ஞாயிறு, அரசு விடுமுறைகளை நம்பாமல் வேலை நாளில் போங்கள். முந்தின நாளே தொலைபேசியில் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தும்பாவிலிருந்து தெற்கே கொஞ்சதூரத்தில் வேளி. காயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. மழைக்காலத்தில் அது உடைந்து இரண்டும் கலக்கும். நம் குமரி மக்கள் சொல்வதுபோலவே இங்கும் பொழி என்றுதான் சொல்வார்கள். படகுச் சவாரி, சிறுவர் ரயில் எல்லாம் உண்டு. ஆனால் நான் அங்கே அனுப்புவது கானாயி குஞ்ஞிராமனின் சிற்பங்களுக்காக. சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். மலம்புழை யட்சியைச் செய்தவர். புல்வெளியில் கிடக்கும் பெரிய சங்கைச் சுற்றிக் குழந்தைகள் ஏறி விளையாடலாம். மாலை நாலரைக்கு மேல் போங்கள்.

கடற்கரைச் சாலையில் அஞ்சுதெங்குவரை

இரண்டாம் நாள் அதிகாலை மேனம்குளம் வழியாகக் கடற்கரைக்கு இறங்கி வடக்கே திரும்புங்கள். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கடினங்குளம் காயல். நடுவில் ஒடுங்கிய மண்பட்டையில் ஊர்கள் நெருங்கி நிற்கின்றன. புத்தன்தோப்பு, மரியநாடு, புதுக்குறிச்சி, பெருமாதுறை. ஏழு மணிக்குள் வந்தால் கரைமடி இழுப்பதைப் பார்க்கலாம். கரையிலிருந்து இருபுறமும் நாற்பது ஐம்பது பேர் கயிறு பிடித்துப் பாட்டோடு இழுப்பார்கள். சாளை, அயிலை, நெத்தோலி என்று கூடையில் விழுந்ததும் அங்கேயே ஏலம். படம் எடுக்குமுன் கேட்டுவிட்டு எடுங்கள். அது அவர்களின் வேலைநேரம். கயிற்றில் கைகொடுக்கச் சொன்னால் தயங்காமல் பிடியுங்கள்.

மரியநாடு, தும்பாவைக் கொடுத்த அதே ஆயர் பெரேராவின் முயற்சியில் 1960-களில் உருவான மீனவ ஊர். இடைத்தரகரிடமும் கந்துவட்டிக்காரரிடமும் சிக்காமல் மீனவர்களே தங்கள் மீனை விற்கும் கூட்டுறவு இங்கே வேர்விட்டு, பின்னர் குமரி மாவட்டக் கரைவரை பரவியது. பார்க்க நினைவுச்சின்னம் ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்த ஊரின் பெயர் தெரியாமல் கடந்துபோகக் கூடாது.

பெருமாதுறையில் காயல் கடலில் கலக்கும் இடம் முதலப்பொழி. பாலத்தின் மேல் நின்றால் ஒரு பக்கம் அசையாத காயல், மறுபக்கம் சீறும் முகத்துவாரம். கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளுக்கு இடையே மணல் மேடிட்டு, வள்ளங்கள் கவிழ்ந்து மீனவர்கள் பலர் உயிரிழந்த இடம் இது. அந்தக் கற்களின் மேல் நடந்து முனைவரை போகிறவர்களைப் பார்க்கலாம், நீங்கள் போகாதீர்கள். பாலத்திலிருந்து பார்த்தாலே எல்லாம் தெரியும்.

பாலம் கடந்து தாழம்பள்ளி, பூத்துறை, மாம்பள்ளி தாண்டி அஞ்சுதெங்கு. வீடுகளுக்கு நடுவே செம்புரைக்கல்லில் கட்டிய சதுரக் கோட்டை. நான்கு மூலைகளிலும் கொத்தளம். உள்ளே வெறும் புல்வெளி. இந்தியத் தொல்லியல் துறை காக்கிறது. சுற்றிவரப் பத்து நிமிடம் ஆகும். படியேறி மதிலின் மேல் உட்கார்ந்து இதன் கதையை நினைத்துப் பார்க்க ஒரு மணி நேரம் வேண்டும்.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1684-இல் ஆற்றிங்கல் ராணியிடம் இந்த மணல் திட்டைக் கேட்டு வாங்கியது. மிளகு வேண்டும்; டச்சுக்காரரை முந்த வேண்டும். 1695-இல் கோட்டை எழுந்தது. மிளகு விலையில் ஏமாற்று, உள்ளூர் மக்களிடம் திமிர் என்று வெறுப்பு வளர்ந்துகொண்டே இருந்தது. ஆண்டுதோறும் ராணிக்குக் கொடுக்கும் காணிக்கையைத் தங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று பிள்ளைமார் கேட்டார்கள். கோட்டைத் தலைவன் கைஃபோர்ட் மறுத்தான். நேராக ராணியிடமே கொடுப்பேன் என்று 1721 ஏப்ரலில் சுமார் 140 பேரோடு ஆற்றுவழியே ஆற்றிங்கலுக்குப் போனான். அந்தப் படை திரும்பவில்லை. அடுத்து மக்கள் இந்தக் கோட்டையை வளைத்துக்கொண்டார்கள். தலைச்சேரியிலிருந்து உதவி வரும்வரை ஆறு மாதம் முற்றுகை நீடித்தது. பிளாசிப் போருக்கு முப்பத்தாறு ஆண்டுகள் முந்தி நடந்தது இது. வேலூர்ப் புரட்சியையும் பூலித்தேவனையும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஆற்றிங்கலையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கழக்கூட்டத்துப் பிள்ளைமார் கதையை முதலில் சொன்னது இதற்காகத்தான். கம்பெனியை எதிர்த்த பிள்ளைமாரின் பலம் சில ஆண்டுகளிலேயே மார்த்தாண்டவர்மாவின் கையில் முறிந்தது. ஆற்றிங்கலும் அவர் பிடிக்குள் வந்தது. கம்பெனிக்கு அதன்பின் பேச ஒரே அரசர் போதும் என்றாயிற்று.

திருநெல்வேலிக்காரர்கள் இந்த மதிலைத் தொட்டுப் பார்க்க இன்னொரு காரணம் உண்டு. சுற்றிலும் திருவிதாங்கூர் இருக்க, இந்தத் துண்டு நிலம் மட்டும் வெள்ளையர் வசமே இருந்தது. 1927-இல் இதைத் தனி மாவட்டமாக ஆக்கினார்கள். அதற்கு முன் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. இங்கே பிறந்தவர்களில் இருவர் பெயர் பெரிது. கர்நாடகப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் 1728-இல் பிறந்தார். மருதநாயகம் யூசுப்கானைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அவர் நூலைத்தான் புரட்டுகிறார்கள். 1744-இல் பிறந்த எலிசா டிரேப்பர், ஆங்கில நாவலாசிரியர் லாரன்ஸ் ஸ்டெர்னின் மனம் கவர்ந்தவர். அவளுக்காக பிரெஞ்சு எழுத்தாளர் ரெய்னால் இந்தக் குக்கிராமத்தையே புகழ்ந்து எழுதினார்.

பக்கத்திலேயே புனித பேதுரு தேவாலயமும் கலங்கரை விளக்கமும் உண்டு. கலங்கரை விளக்கத்தில் ஏற மாலையில்தான் அனுமதிப்பது வழக்கம். காயல் ஓரமாக நடந்தால் தேங்காய் மட்டை ஊறவைத்த வாடை வரும். கயிறு வணிகத்தில் ‘அஞ்சங்கோ’ என்பது இன்றும் ஒரு தர நூலின் பெயர். அந்தப் பெயர் இந்த ஊருடையது.

இரண்டு கிலோமீட்டர் வடக்கே காயிக்கரை. மகாகவி குமாரன் ஆசான் 1873-இல் பிறந்த ஊர், நினைவிடம் கடலோரம். அவர் கடைசி ஆண்டுகளில் வாழ்ந்த தோன்னக்கல் வீடு நெடுஞ்சாலையில், கழக்கூட்டத்துக்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. இப்போது அது தேசியப் பண்பாட்டு நிறுவனம். அவர் கையெழுத்துப் படிகளும் கானாயியின் பெரிய சுவர்ச் சிற்பமும் அங்கே உண்டு. செம்பழந்திக் குருவின் சீடர் அவர், 1903-இல் குருவின் பெயரால் அமைந்த எஸ்.என்.டி.பி. யோகத்தின் முதல் செயலாளர். 1924 ஜனவரியில் கொல்லத்திலிருந்து ஆலப்புழை போன ‘ரிடீமர்’ படகு பல்லனையில் கவிழ்ந்ததில் மறைந்தார். இரண்டு இடமும் பார்க்க நேரமில்லை என்றால் தோன்னக்கல்லைத் தேர்ந்தெடுங்கள். ஆசானின் கவிதை தெரியாதவர்களுக்கும் அந்த வீடு பேசும்.

சில நடைமுறைகள்

டிசம்பர் முதல் பிப்ரவரிவரை நல்ல காலம். ஜூனில் தொடங்கும் மழையில் கடற்கரைச் சாலையில் கடல் ஏறிவிடும். ஆகஸ்ட்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். அக்டோபர், நவம்பரில் காலை பளிச்சென்று இருந்து பிற்பகலில் இடி மின்னலோடு கொட்டும். பாறை ஏறுவதைக் காலையோடு முடித்துவிடுங்கள். மாசி மாதத்தில் ஆற்றுகால் பொங்கல் வரும் வாரம் ரயில், பேருந்து, விடுதி எதிலும் இடம் கிடைக்காது. அதே மாசியில் சிறயின்கீழ் சார்க்கரை தேவி கோயிலில் காளியூட்டு நடக்கும். காளி தாரிகனை வெல்வதை ஒன்பது நாள் சடங்கும் ஆட்டமுமாக நடத்துவார்கள். பிரேம் நசீரின் ஊரான சிறயின்கீழுக்கு அந்த நாட்களில் போனால் ரயிலில் போங்கள், வண்டி நிறுத்த இடம் இருக்காது.

இந்தக் கரையில் எந்த ஊரிலும் குளிக்கக் கடலில் இறங்க வேண்டாம். மணல் சட்டென்று ஆழமாகச் சரிகிறது. உயிர்காப்பாளர் எங்கும் இருப்பார் என்று சொல்ல முடியாது. கால் நனைப்பதோடு நிறுத்துங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. கடற்கரைச் சாலையில் பதினோரு மணிக்கு மேல் கப்பையும் மீன்கறியும் கிடைக்கும். நம் மரச்சீனிக் கிழங்குதான் கப்பை. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் காலையில் புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டு, கையில் பழம் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். பெருமாதுறைக்கும் அஞ்சுதெங்குக்கும் நடுவே சைவக் கடை தேடுவது சிரமம். விருந்துச் சாப்பாடு போடும் கடைகளில் போளியின் மேல் பாயசம் ஊற்றித் தருவார்கள். திருவனந்தபுரத்துக்கே உரிய வழக்கம், மறுக்காதீர்கள்.

மூன்றாம் நாள் கையில் இருந்தால் காயிக்கரையிலிருந்து கடலோரமாகவே வர்க்கலைக்குப் போய்விடலாம். குருவின் சமாதி இருக்கும் சிவகிரி, செங்குத்தாக நிற்கும் கடற்பாறை, கும்பகோணத்தில் பிறந்த திவான் டி. மாதவராவ் காலத்தில் தொடங்கி 1880-இல் முடிந்த கால்வாய்ச் சுரங்கம் என்று அங்கே ஒரு நாளுக்கு வேலை உண்டு. அடுத்த அத்தியாயம் அதைச் சொல்கிறது. அஞ்சுதெங்கோடு திரும்புகிறவர்களுக்குப் பக்கத்து ரயில் நிலையம் கடைக்காவூர். கோட்டை வாசலிலிருந்து ஆட்டோவில் போய், மாலை பாசஞ்சரைப் பிடித்தால் இருட்டுமுன் கழக்கூட்டத்தில் இறங்கிவிடலாம்.